கேட்காமல் வருகிறவர்

லீவனின் மின்னஞ்சல் புதன்கிழமை மாலை நான் ஃபெரியில் இருக்கும்போது வந்தது. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிடும் பேருந்துக்கு எங்கள் ஊரில் ஃபெரி என்றுதான் பெயர். தொழிற்சாலை இருக்கும் ஷ்வேப்யிதாவிலிருந்து எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட் வருவதற்கு நெரிசல் இல்லாத நாளில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அன்று நெரிசல். கம்பியைப் பிடித்து நின்றபடியே கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

"யாங்கூன் முடிவுகள் எங்களை வியக்க வைத்தன. ஆறு பேர், பத்தொன்பது நாட்கள், நூற்றுப் பதினான்கு பதில்கள். அத்தனையும் பச்சை. ஒருவருக்குக்கூட ஒரு நாள்கூட ஆள் தேவைப்படவில்லை. ஆகவே இரண்டாம் கட்டத்தில் யாங்கூனுக்கு ஒதுக்கிய துணையாளர் பணி தேவையில்லை என்று கருதுகிறோம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதை உறுதி செய்வோம். வாழ்த்துகள்."

முதல் முறை படித்தபோது வாழ்த்துகள் என்ற சொல்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை, தேவையில்லை. மூன்றாம் முறை, வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டே நாள்.

லீவன் பெல்ஜியத்தில் ஒரு சிறு நகரத்தின் சமூக சேவைச் சங்கத்தில் வேலை செய்கிறார். தனியாக வாழும் முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தினமும் காலையில் விசாரிக்க அந்தச் சங்கம் ஒரு செயலி செய்திருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கைப்பேசி சின்னதாக ஓர் இசை வாசித்துவிட்டு, "எல்லாம் நலமா?" என்று கேட்கும். நலம் என்றால் பச்சைப் பொத்தான். யாராவது வர வேண்டும் என்றால் மஞ்சள். ஒன்பது மணி வரை எதையும் தொடாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பொறுப்பாளருக்கு அழைப்பு போகும், அவர் நேரில் போய்ப் பார்ப்பார். இதை அவர்கள் தங்கள் நகரத்திலும், போர்ச்சுகலில் ஒரு கிராமத்திலும், யாங்கூனிலும் சோதித்துப் பார்த்தார்கள். யாங்கூனில் அதை நடத்தியது எங்கள் மாலை வகுப்பு. சமூகப் பணி பற்றிய வகுப்பு அது. வாரம் மூன்று நாள், ஆறிலிருந்து எட்டு வரை.

ஆறு பேரையும் தேர்ந்தெடுத்தது நான். எல்லோரும் என் சந்துக்காரர்கள். செயலியில் தமிழில் கேட்கும் குரலும் என்னுடையதுதான். தினமும் படிவம் நிரப்பி அனுப்பியதும் நான். துணையாளர் பணி வந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று எண்ணியிருந்ததும் நான்தான். ஓர் ஆண்டுக்கு, முழுநேரமாக, மாடிப்படி ஏறி இறங்கி இந்த ஆறு பேரையும் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் கூட்டிப்போகிற வேலை. எங்கள் ஆசிரியை டோ மியா, "உன் நாட்குறிப்புதான் வகுப்பிலேயே ஒழுங்கு, உனக்குத்தான் வாய்ப்பு" என்று சொல்லியிருந்தார்.

ஆனால் அந்தக் கடிதம் என்னைவிட ஒருவருக்குத்தான் பெரிய அடி. ஐந்தாம் மாடி உம்மு சல்மா ராத்தா. ராத்தா என்றால் எங்கள் வழக்கில் அக்கா. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பியவர். கைமெஷினில் தையல் தைத்துப் பிழைக்கிறார். கூட இருக்கும் தங்கை மகள் ருக்சானா விடிந்ததும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். ராத்தா கீழே இறங்கி இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒரு வருடமாகக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஊசியில் நூல் கோர்க்கவே அரைமணி நேரம் போகிறது. துணையாளர் வந்ததும் முதல் பயணம் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

தொழிற்சாலையில் எனக்குத் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. நூறு சட்டை கொண்ட ஒரு கட்டுக்கு இரண்டிலாவது நூல் தொங்கும், ஒரு பொத்தானாவது ஆடும். ஒரு குறையும் இல்லாமல் ஒரு கட்டு வந்தால் எங்கள் சூப்பர்வைசர் சட்டையைப் பார்க்க மாட்டாள், சரிபார்த்தவளைத்தான் பார்ப்பாள். நூற்றுப் பதினான்கும் பச்சை. பத்தொன்பது நாளாக இது எனக்கு உறுத்தவே இல்லை என்பது அப்போதுதான் உறுத்தியது.

கைப்பேசியில் விவரப் பட்டியலைத் திறந்து நேரங்களை வரிசையாகப் பார்த்தேன். ஆறு பேரும் தினமும் எட்டு முப்பதிலிருந்து எட்டு முப்பத்திரண்டுக்குள் பச்சையை அழுத்தியிருந்தார்கள். மூன்று வெவ்வேறு கட்டடங்கள், ஆறு வெவ்வேறு மாடிகள். அழுத்திய இடம் மட்டும் ஆறுக்கும் ஒன்றே.

ஃபெரி நிற்பதற்குள் இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராக பர்கத்துல்லா நானாவின் டீக்கடைக்குப் போனேன். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

எங்கள் சந்தில் அழைப்பு வந்தால் நேரில் போக வேண்டிய பொறுப்பாளர் நானாதான். கடை சந்தின் நடுவில் இருக்கிறது. காலை நாலு மணியிலிருந்து திறந்திருக்கும். ஆறு பேருக்கும் தெரிந்த முகம். அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நான்தான் எழுதியிருந்தேன்.

கல்லாவுக்குப் பின்னால் சூரிய ஒளி பேட்டரி இருந்தது. அதன்மேல் பலகை. பலகையில் ஆறு கைப்பேசிகள் வரிசையாகச் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நிற ரப்பர் பேண்ட்.

"நானா, இது என்னா?"

"என்னா என்னா? போனு. நீ குடுத்த போனுதான்."

"இது அவங்க வீட்டுல இருக்கணும்."

"வீட்டுல மீ இருந்தாத்தானே வச்சிருக்க," என்றார். மின்சாரத்தை நானா எப்போதும் பர்மியச் சொல்லால்தான் சொல்வார். "நாலு மணி நேரம் வருது, எட்டு மணி நேரம் போவுது. கணக்கு தொடங்குறதுக்கு முன்னாடி மூணு நாளு சும்மா ஓட்டிப் பாத்தோமே, ஞாபகம் இல்லையா ஒனக்கு? சல்மா போனு செத்துப்போச்சு. எனக்கு மணி அடிச்சுது. அஞ்சு மாடி ஏறிப் போனா அது ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கு. என்னா நானா இவ்வளவு தூரம்னு கேக்குது. எம் முட்டி ரெண்டும் அன்னிக்கே போயிருச்சு. அதான் எல்லாத்தையும் இங்க கொண்டாந்துட்டேன். இங்க பேட்டரி இருக்குல்ல."

"அப்போ பச்சைய யாரு அழுத்துறது?"

"நான்தான்."

அவர் அதைக் கணக்கு முடித்துவிட்ட மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சும்மா அழுத்துறேன்னு நெனைக்காத," என்றார். "அங்க பாரு."

கடைக்கு எதிரே மூன்று கட்டடங்களின் பால்கனிகளிலிருந்தும் கயிறுகள் தொங்கின. யாங்கூனில் எந்தச் சந்தில் நிமிர்ந்து பார்த்தாலும் தொங்கும் கயிறுகள்தான். கீழ்முனையில் ஒரு கிளிப்பு, மேல்முனையில் ஒரு மணி. பேப்பரும் காய்கறியும் சாவியும் அதில்தான் ஏறும், இறங்கும்.

"போனு பாடுனதும் நான் போயி ஆறு கயிறையும் இழுப்பேன். மேல மணி அடிக்கும். ரெண்டு தடவ திருப்பி இழுத்தா நல்லா இருக்காங்க. ஒரு தடவ இழுத்தா என்னமோ வேணும். ரெண்டு இழுத்தா பச்சை. என்னா தப்பு?"

"ஒரு தடவ இழுத்தா?"

"என்னா வேணும்னு கத்தி கேப்பேன். நல்லப்பனுக்கு மாத்திர தீந்திருச்சுன்னா வாங்கி கயிறுல அனுப்புவேன். புட்டி தண்ணி வேணும்னா ஆள வச்சு ஏத்துவேன். அப்பறம் பச்சை."

"அப்போ மஞ்சள் அழுத்தணும் நானா."

"எதுக்கு? மாத்திரதான் போயிருச்சே. போன பெறகு அவரு நல்லாத்தானே இருக்காரு." அவர் துணியால் மேஜையைத் துடைத்தார். "அதோட, நல்லப்பனுக்கு மாத்திர தீந்துபோச்சுங்குறத பெல்ஜியத்துக்காரன்கிட்ட ஏன் சொல்லணும்? நம்ம சந்துல ஆள் இல்லையான்னு அவன் நெனைக்க மாட்டானா?"

 லீவனின் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். நானா துடைப்பதை நிறுத்தினார்.

"தேவையில்லைன்னா? ஆள் அனுப்ப மாட்டாங்களா?"

"யாருக்கும் எதுவும் வேணாம்னு நாம சொல்லிட்டோமே."

"நாம எப்போ சொன்னோம்?"

"நூத்திப் பதினாலு தடவ."

அவர் ஆறு கைப்பேசிகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு டீ ஊற்றி என் முன்னால் வைத்தார். பால் அதிகம் போட்டிருந்தார். அது அவர் மன்னிப்புக் கேட்கும் விதம்.

தவறு அவருடையது மட்டும் இல்லை. படிவத்தின் கடைசி வரி, "நேரில் உறுதி செய்யப்பட்டதா?" என்று கேட்கும். தினமும் மாலை ஃபெரியிலிருந்து இறங்கி, கடைக்குள் போகாமல் தெருவில் நின்றபடியே நானாவிடம், "எல்லாம் சரியா?" என்பேன். "எல்லாம் சரி" என்பார். நான் "ஆம்" என்று குறிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடி ஏறுவேன், அப்போதும் கைப்பேசி எங்கே என்று கேட்டதில்லை. பத்தொன்பது குறிகளில் பதினாறு என் காலால் நடந்து போடப்பட்டவை அல்ல. நாட்குறிப்பு ஒழுங்கு என்று பெயர் வாங்கியவள் நான்.

இன்னொன்றும் இருந்தது. அதை அன்று வகுப்பில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அதிகமானது. உண்மையைச் சொன்னால் துணையாளர் பணி திரும்ப வரலாம். அந்தப் பணி எனக்கு வேண்டும். அப்படியானால் நான் உண்மையைச் சொல்வது உண்மைக்காகவா, ஷ்வேப்யிதாவிலிருந்து தப்பிக்கவா? சொல்லாமல் விட்டால் என் பொய்க் குறிகள் மறைந்துபோகும். சொன்னால் வேலை கிடைக்கும். இரண்டிலும் எனக்கு ஆதாயம் இருந்தது. ஆதாயம் இல்லாத ஒரு வழியைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அன்றைய பக்கத்தில் நான் தேதி மட்டும் எழுதியிருந்தேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்தாம் மாடிக்குப் போனேன். நானாவும் பின்னால் ஏறினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மூன்றாம் மாடியில் உட்கார்ந்தார். நாலாம் மாடியில் உட்கார்ந்தார். நான் அவரைப் பற்றி ராத்தாவிடம் என்ன சொல்வேனோ என்ற கவலை அவருக்கு.

ராத்தா ஜன்னலோரம் பாயில் மெஷினோடு இருந்தார். "அட, ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க. யாரு மவுத்து?"

"ஒன் நாக்கு மட்டும் சாகாது," என்று நானா வாசலிலேயே சாய்ந்துகொண்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். துணையாளர் வராமல் போகலாம் என்றதும் ராத்தா மெஷின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். அவர் முகத்தை நான் பார்க்காமல் நோட்டைத் திறந்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள நெஜமான பட்டியல் வேணும். பத்தொன்பது நாளும் யாருக்கு எப்போ என்னா வேணும்னு வந்திச்சு, நானா?"

நானா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எந்த எழுத்தும் இல்லாமல் நாள்வாரியாகச் சொன்னார். நாலாம் நாள் நல்லப்பனுக்கு மாத்திரை. ஐந்தாம் நாள் எதிர்க்கட்டடத்து ஜஸீலாவுக்கு ஊன்றுகோல் ரப்பர் தேய்ந்துபோனது. ஏழாம் நாள் மழை, யாருக்கோ பால்கனிக் கதவு சாத்த முடியவில்லை. நான் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போனேன். முப்பத்தொன்று வந்தது. முப்பத்தொரு மஞ்சள். மனம் கொஞ்சம் நிமிர்ந்தது. இந்த எண்ணோடு கூட்டத்தில் பேசலாம் என்று நினைத்தேன்.

"ராத்தா, ஒங்களுக்கு ரெண்டே ரெண்டு தடவதான் இருக்கு," என்றேன். "நூல்கண்டு ஒண்ணு, தண்ணி ஒண்ணு."

ராத்தா கத்தரிக்கோலைத் திறந்து மூடினார்.

"எட்டாம் நாள்லேருந்து பதினொண்ணாம் நாள் வரைக்கும் எனக்குக் காய்ச்சல்," என்றார்.

நானா கண்ணைத் திறந்தார். "நாலு நாளும் ரெண்டு தடவ இழுத்தியே."

"இழுத்தேன்."

"அடியே, காய்ச்சல்னு இழுக்க வேண்டியதுதானே?"

"இழுத்தா நீங்க ஏறி வருவீங்க. அந்த முட்டிய வச்சுக்கிட்டு. எனக்கு ஆ-நா ஆயிருச்சு."

பிறரைச் சிரமப்படுத்தக் கூசுகிற அந்தக் கூச்சத்துக்கு எங்கள் வீடுகளிலும் பர்மியச் சொல்தான். அதற்குத் தமிழில் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை.

"ருக்சானாவுக்காவது தெரியுமா?"

"அவ வர்றப்ப நான் தூங்குற மாதிரி படுத்துக்குவேன்."

"அப்போ நான் தெனமும் கயிறோடதான் பேசிக்கிட்டு இருந்தேன்," என்றார் நானா. கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து படியில் இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் அவர் நிற்பது எங்களுக்குக் கேட்டது. ராத்தா அந்தச் சத்தம் தீரும்வரை கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

நான் கட்டத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்று என்பதும் பொய்யாகிவிட்டது. பொத்தானை நம்பினேன், பொய். கயிற்றை நம்பினேன், அதுவும் பொய். மற்ற ஐந்து பேரும் எத்தனை முறை இப்படி இழுத்தார்களோ. கீழே போய் ஒவ்வொரு வீடாகக் கேட்கலாம். கேட்டால் எல்லோரும், "எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு புள்ள" என்பார்கள். என் முகத்தைப் பார்த்து அவர்களுக்கு ஆ-நா ஆகிவிடும்.

"நாளைக்கு அவங்ககிட்ட என்னா சொல்லப்போற?" என்றார் ராத்தா.

"தெரியல."

"கூட்டத்த இங்க வையி. நான் சொல்றேன்."

"இங்கிலீஷ்ல பேசணும் ராத்தா."

"நீ எதுக்கு இருக்க?"

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஐந்தாம் மாடியில் இருந்தோம். அங்கே பெல்ஜியத்தில் மதியம் ஒன்றரை. ஆசிரியை டோ மியா வகுப்பை என் சக மாணவி ஆஷாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். பாயில் சம்மணமிட்டு, தன் கைப்பேசியைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்தார். நானா வரவில்லை. கடையில் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்.

திரையில் இருவர். லீவன் இளைஞர், எதையும் சொல்வதற்கு முன் காகிதத்தைப் பார்ப்பவர். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மார்லேன், அறுபது வயதிருக்கும். செயலியைப் பயன்படுத்துகிறவர்களின் சார்பில் திட்டக்குழுவில் சம உரிமையோடு உட்கார்ந்திருப்பவர். அந்தச் சங்கத்தில் அவர்களில் ஒருவர் இல்லாமல் எதுவும் முடிவாகாது என்று வகுப்பில் படித்திருந்தோம். நான் அதைப் பரீட்சைக்காகத்தான் படித்திருந்தேன்.

முதலில் நான் என் பங்கைச் சொன்னேன். கைப்பேசிகள் ஒரே கடையில் இருந்தன. பச்சையை ஒருவரே அழுத்தினார். பதினாறு நாள் நேரில் பார்க்காமல், பார்த்ததாகக் குறித்தேன். 

லீவன் காகிதத்தைப் பார்த்தார். "அப்படியானால் யாங்கூன் தரவு எதையும் பயன்படுத்த முடியாது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் செப்டம்பரில் நகர மன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். இப்போது சரியான வழி, யாங்கூனை இந்தச் சுற்றிலிருந்து விட்டுவிடுவதுதான்."

நான் ராத்தாவிடம் மொழிபெயர்த்தேன். "விட்டுடலாம்ங்கறாரு."

"என் முறை வரல இன்னும்," என்றார் ராத்தா. "சொல்லு. நான் எதையும் அழுத்தல. ஒரு கயித்த இழுத்தேன். அதுலயும் பொய் சொன்னேன். நாலு நாளு காய்ச்சல், நல்லா இருக்கேன்னு இழுத்தேன். நீங்க என் கையில போனையே குடுத்திருந்தாலும் பச்சையத்தான் அழுத்தியிருப்பேன். இத அப்படியே சொல்லு. கொறைக்காத."

நான் குறைக்கவில்லை.

லீவன் கேட்டார். "ஏன்? மஞ்சள் அழுத்தினால் உதவி வரும் என்று தெரியும்தானே?"

"வரும்னு தெரியும். அதான் அழுத்தல," என்றார் ராத்தா. "ஏறி வர்றவங்களுக்கும் முட்டி இருக்குல்ல. கேட்டாத்தான் வருவேன்னா நான் கேக்க மாட்டேன். இந்தச் சந்துல எவளும் கேக்க மாட்டா. ஆள் அனுப்புனா கேக்காம வர்ற ஆளா அனுப்பச் சொல்லு. இல்லைன்னா இந்தப் பாட்டுப் பொட்டி எனக்கு வேணாம். தஸ்லீமா கொரலு வேற, பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு."

என்னைப் பற்றிய கடைசி வரியை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். ஆசிரியை தமிழ் தெரியாமலே சிரித்தார்.

லீவன் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது மார்லேன் முதல்முறையாகப் பேசினார். ஆங்கிலம் அவருக்கும் மெதுவாகத்தான் வந்தது.

"லீவன், நானும் பச்சையைத்தான் அழுத்துகிறேன்."

"அது உங்களுக்குத் தேவையில்லாததால்..."

"இல்லை. காலையில் எனக்கு உதவ வருகிற பெண்ணுக்கு இன்னும் ஏழு வீடு இருக்கிறது. நான் மஞ்சள் அழுத்தினால் அவள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருவாள். எனக்குத் தெரியும். போன மாதம் எல்லா நாளும் பச்சை அழுத்தினேன். அதில் மூன்று நாள் நான் படுக்கையிலிருந்து எழவே இல்லை." அவர் ராத்தாவைப் பார்த்தார். திரையில் அது எங்கள் எல்லோரையும் பார்ப்பது போலத்தான் இருந்தது. "இதை நான் குழுவில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்."

ராத்தாவிடம் சொன்னேன். அவர் திரைக்கு அருகே நகர்ந்து, மங்கிய கண்ணைச் சுருக்கி மார்லேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்கயும் முட்டிதானா?" என்றார்.

அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அவர் உங்களைப் புரிந்துகொள்கிறார்" என்று சொல்லிவிட்டேன். சரியில்லை. அதைவிடச் சரியாக எனக்கு வரவில்லை.

பிறகு அவர்கள் இருவரும் தங்கள் மொழியில் பேசினார்கள். நாலைந்து நிமிடம் இருக்கும். லீவனின் குரல் இரண்டு முறை உயர்ந்தது. மார்லேனின் குரல் உயரவே இல்லை. வெளியே மின்சாரம் போனது. சந்து முழுக்க ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. ஆசிரியையின் கைப்பேசியில் சார்ஜ் இருபத்திரண்டு சதவீதம் என்று பார்த்தேன். பதினெட்டு. பதினேழு.

லீவன் மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பினார். பத்தொன்பது நாள் தரவு நீக்கப்படும். யாங்கூனை நீக்க மாட்டார்கள். மூன்று வாரம் புதிதாக ஒரு சோதனை, இங்கேயும் மார்லேனின் தெருவிலும். வாரம் இரண்டு நாள், யாரும் அழுத்தாமலே ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன தேவைப்பட்டது என்பதைப் பிறகு பொத்தான்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். துணையாளர் பணி பற்றி அதற்குப் பிறகுதான் முடிவு.

"ஒரு நிபந்தனை," என்றார். "படிவத்தில் கையெழுத்திடுபவர் வேறொருவராக இருக்க வேண்டும்."

ஆசிரியை என்னைப் பார்க்காமல், "ஆம், புரிகிறது" என்றார். படிவத்தை ஆஷா நிரப்புவாள் என்று அங்கேயே முடிவானது. நான் வீடுகளுக்குப் போகலாம். எழுதக்கூடாது. திரை அணைந்த பிறகு ஆசிரியை என் தோளைத் தொட்டு, "பணி வந்தால் விண்ணப்பி. ஆனால் இனி நீதான் என்று நான் சொல்ல முடியாது" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வலித்தது. அதுவே என்னைச் சந்தேகப்பட வைத்தது. படி இறங்கும்போது ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

கீழே நானா பலகையிலிருந்த ஆறு கைப்பேசிகளையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். "அவங்கவங்க வீட்டுல குடுத்துடு. சார்ஜுக்கு மட்டும் எங்கிட்ட வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் நாள். நோட்டு இல்லாமல் மாடி ஏறினேன். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு முறை பையில் பேனாவைத் தேடினேன், இருந்தது, உள்ளேயே விட்டேன்.

"எல்லாம் நல்லா இருக்கு," என்றார் ராத்தா நான் செருப்பைக் கழற்றும் முன்பே. "நீ மத்த வீட்டப் பாரு."

"சரி," என்று சொல்லி உட்கார்ந்தேன்.

"எதுவும் வேணாம் புள்ள."

"சரி ராத்தா."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் துணியைப் பிரித்தார். ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நூல் ஊசியைத் தாண்டிப் போனது. நூல் முனையை நாக்கில் ஈரமாக்கி மறுபடி முயன்றார். என் கை தானாக எழுந்தது, பிடித்துக்கொண்டேன். அவர் கேட்காததை நான் எடுத்துச் செய்தால் நானாவின் பச்சைப் பொத்தானுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. செய்யாமல் உட்கார்ந்திருப்பது கொடுமையா என்றும் தோன்றியது. எது சரி என்று இப்போதும் சொல்ல முடியாது. ஆறாம் முறை நூல் நுழைந்தது. அவர் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்தார். தையல் கோணலாக ஓடியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். நான் தொழிற்சாலையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் ஒதுக்கி வைத்துவிடுவேன்.

ராத்தா தையலைப் பிரித்தார். மெஷினை நிறுத்தினார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஒக்காந்திருப்ப?"

"தெரியல."

"வேல இல்லையா ஒனக்கு?"

"இன்னிக்கு ஞாயிறு."

ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று மெதுவாகப் போனது. 

"கண்ணாஸ்பத்திரில செவ்வாக்கிழம கூட்டம் கொறச்சலாம்," என்றார், வெளியே பார்த்தபடி. "ருக்சானா சொன்னா."

நான் காத்திருந்தேன்.

"எறக்கறதுக்கு நாலு ஆள் வேணும். பர்கத் நானா வேணாம், அந்த முட்டிய வச்சுக்கிட்டு விழுந்து தொலைப்பாரு. அடுத்த கட்டடத்துல ஹஸ்ஸான் இருக்கான், அவன் தம்பி இருக்கான். இன்னும் ரெண்டு பேரு நீ பாரு. மர நாற்காலி கட்டிலுக்கு அடியில இருக்கு. கால் ஒண்ணு ஆடும், ஆணி அடிக்கணும்." அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முகம் சிவந்துகொண்டே போனது. "நீயும் கூட வரணும். அங்க டாக்டர் பர்மியத்துல வேகமா பேசுவாரு. எனக்குப் பயம்."

"வர்றேன் ராத்தா," என்றேன் உடனே.

சொன்ன பிறகுதான் உறைத்தது. செவ்வாய் எனக்கு வேலை நாள். இந்த மாதம் ஏற்கெனவே ஒரு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். இன்னொன்று கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பாள். இதை ராத்தாவிடம் சொன்னால், வேணாம் புள்ள, அடுத்த மாசம் பாப்போம் என்பார். சொல்லாமல் எப்படியாவது சமாளித்துவிடலாம். காலையில் உடம்பு சரியில்லை என்று தகவல் அனுப்பிவிடலாம். திட்டம் மனதுக்குள் அழகாக வரிசை கட்டி நின்றது. நானும் ஒரு கயிற்றை இரண்டு முறை இழுக்கப் போகிறேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எனக்குச் செவ்வாய் வேல ராத்தா," என்றேன். "லீவு கேக்கணும். கெடைக்குமான்னு தெரியல. கேக்கவே கூச்சமா இருக்கு."

அடுத்த மாசம் என்ற சொல்லை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ராத்தா பிரித்த நூலை விரலில் சுற்றினார், கழற்றினார், மறுபடி சுற்றினார்.

"கேளு," என்றார். "நான் கேட்டுட்டேன்ல."